இடது புருவம்

மே 11

கமா,

போன் வேண்டாம், கடிதம் எழுது என்றாய். போனில் நான் குறுக்கே பேசுவேன், கடிதத்தில் முடியாது என்பது உன் வாதம். வாதம் சரி. ஆனால் இது ரொம்ப மந்தமான ஏற்பாடு. நான் இன்று கேட்பதற்கு நீ பத்து நாள் கழித்துப் பதில் சொல்வாய். அதற்குள் நான் என்ன கேட்டேன் என்பதே எனக்கு மறந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓவிய வகுப்பில் சேர்ந்துவிட்டேன். எண்ணெய் வண்ணம். சிரிக்காதே.

வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று பெட்டியோடு வாசலில் நின்று, "நீ என்னை ஒரு தடவகூட நிதானமாப் பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணமாகி மூன்று வருடம், தினமும் உன்னைத்தானே பார்க்கிறேன், சுவரையா பார்க்கிறேன் என்று. பிறகு யோசித்தேன். நான் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துப் பிழைக்கிறவன். ஒரு கருவி தப்பாகக் காட்டுகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் அவரோடு சண்டை போடமாட்டேன், கருவியை வாங்கிப் பார்ப்பேன். இங்கே கருவி என் கண். எனவே வகுப்பு.

சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. பகலில் செயற்கைப் பற்களுக்கு நிறம் கொடுக்கும் வேலை. முதல் நாளே என் முன்பல்லைப் பார்த்து, "நீங்க காபி அதிகம் குடிப்பீங்களா சார்?" என்றாள். பக்கத்து ஓவிய ஸ்டாண்டில் ஒரு ரொட்டிக்கடைக்காரர். ஆறு மாதமாக ஒரே ஒரு ஆப்பிள் வரைகிறார்.

எல்லோரும் ஒரு பழைய ஓவியத்தைப் பார்த்து வரைய வேண்டும். எனக்குக் கிடைத்தது இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் உருவப்படம். ரொமான்டிக் காலம் என்றாள் ஆசிரியை. உடனே உன் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். அந்தப் பெயருக்கும் காதலுக்கும் சம்பந்தமில்லையாம். புயல், மலை, இடிந்த கோட்டை, கண்ணில் ஒரு தவிப்பு, அதெல்லாம்தான் ரொமான்டிக். இந்தப் பெண் கறுத்த மேகத்துக்கு முன்னால் நிற்கிறாள். முடி காற்றில் கலைந்திருக்கிறது, சால்வை ஒரு தோளிலிருந்து நழுவியிருக்கிறது. யாரென்று தெரியாது. ஏதோ சொல்ல வாய் திறந்து, பிறகு வேண்டாம் என்று விட்டதுபோல் இருக்கிறாள். மியூசியத்தில் அச்சுப் பிரதி விற்கிறார்கள், வாங்கிவிட்டேன்.

பிரதி எடுப்பது எனக்குக் கடினமாக இருக்காது. கட்டம் போட்டு, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து முடித்துவிடலாம். ஒரு மாதம் போதும்.

நீ எப்படி இருக்கிறாய்? சாப்பாடு?

மைக்ரான்

மே 23

வணக்கம்.

நீங்கள் என்று எழுதினால் நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொள்ளுங்கள்.

சாப்பாடு பரவாயில்லை. அறை மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் மருத்துவமனைத் துணி வெளுக்கும் இடம். நாள் முழுக்க வெள்ளைப் போர்வைகள் ஆடிக்கொண்டிருக்கும். பேச்சுப் பயிற்சி கொடுக்க இங்கே என்னைத் தவிர ஒருவர்தான் இருக்கிறார், அதனால் வேலை அதிகம். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள், திக்குகிற குழந்தைகள். நேற்று ஒரு ஓட்டுநர் "தண்ணீர்" என்ற ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி பக்கத்திலிருந்து, "தண்ணிதான், தண்ணி கேக்குறாரு" என்று மூன்று தடவை எடுத்துக்கொடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கடைசியில் அவரே சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

அப்போது உங்களைத்தான் நினைத்தேன். நல்லவிதமாக இல்லை.

நான் எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் நீங்கள் முடித்துவைப்பீர்கள், அதுவும் தப்பாக. நடுவில் மூச்சு விட்டேன் என்பதற்காக எனக்குக் கமா என்று பேர் வேறு. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விடாத உங்களுக்கு மைக்ரான் என்று நான் வைத்த பேர்தான் பொருத்தம். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் பைக்கில் உங்கள் பின்னால் உட்கார்ந்து போகும்போது, "அந்தக் கண்ணாடி" என்று ஆரம்பித்தேன். "ஆமா, பார்க்கிங்ல எவனோ தினம் தட்டிவிட்டுட்டுப் போறான், பசை போட்டு நட்டை இறுக்கிட்டேன், இனி ஜென்மத்துக்கும் அசையாது" என்று நீங்கள் முடித்தீர்கள். உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் சொல்ல வந்தது அது இல்லை. எதுவென்று இன்றுவரை நீங்கள் கேட்கவும் இல்லை.

ஓவிய வகுப்பு நல்லதுதான். ஆனால் ஒரு பெண்ணை நிதானமாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு, இருநூறு வருடம் முன்னால் வாழ்ந்த வேறொரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இது உங்களுக்குத்தான் தோன்றும்.

வெர்னியரை அவள் மூக்கில் வைக்காதீர்கள்.

ஜூன் 5

கமா,

வெர்னியரை மூக்கில்தான் வைத்தேன். மூக்கு, கண், தாடை எல்லாம் அரை மில்லிமீட்டருக்குள் சரியாக வந்தன. முகம் மட்டும் வரவில்லை. பாஸ்போர்ட் ஆபீஸில் எடுத்த போட்டோவில் மாவு பூசியதுபோல் இருக்கிறாள். "எல்லாம் எடத்துல இருக்கு சார், ஆள்தான் இல்ல" என்றாள் அந்தப் பெண். பிறகு அச்சுப் பிரதியைத் தலைகீழாக மாட்டிவிட்டாள். மூக்கு என்று தெரிந்தால் மூக்கைப் பார்க்கமாட்டோம், நமக்குத் தெரிந்த மூக்கை வரைவோமாம். எரிச்சலாக இருந்தது. ஆனால் உண்மைதான். நான் முன்கூட்டியே முடித்துவிடுகிறேன். நீ சொன்னது நினைவுக்கு வந்தது. உறைத்தது என்றே வைத்துக்கொள்.

இன்னொரு கூத்து. எண்ணெய் வண்ணம் காய எவ்வளவு நாள் ஆகும் தெரியுமா? ஒரு பூச்சுக்கே வாரக்கணக்கு. எனக்கேது அவ்வளவு பொறுமை. லேபிலிருந்து சூட்டுக்காற்று ஊதும் ஹாட் ஏர் கன்னை எடுத்துவந்து முகத்துக்குக் காட்டினேன். மேலே ஜம்மென்று தோல் கட்டியது. நானே என்னை மெச்சிக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் கன்னம் முழுக்கச் சுருக்கம். இருபது வயதுக்காரிக்கு ஒரே ராத்திரியில் எண்பது வயது. தண்ணீர்போல் ஆவியாகிக் காய்கிற சரக்கு இல்லையாம் அது. காற்றை மெல்ல வாங்கி, தனக்குள்ளேயே இறுகுமாம். வெளியிலிருந்து அவசரப்படுத்தினால் மேலே மட்டும் காயும், உள்ளே ஈரம் கிடக்கும்.

ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அடுப்ப ஏத்தி வச்சா மேல கருகும், உள்ள மாவா இருக்கும். எங்க கடைக்கு வந்திருந்தா நானே சொல்லியிருப்பேனே தம்பி" என்றார்.

முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறேன். இதில் ஒரு விதி உண்டு. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும், மேலே போகப்போகக் கூட்டலாம். மாற்றிச் செய்தால் வெடித்துவிடும். அந்தப் பெண் சுருக்கமாக, "கொழுப்பு கடைசியிலதான் சார்" என்பாள். உன் அம்மா இதைக் கேட்டால், மாப்பிள்ளைக்கு ஆரம்பத்திலிருந்தே கொழுப்புதான், அதான் வெடித்தது என்பார்.

என் அம்மா போன வாரம் வந்திருந்தாள். ஹாலில் சுருக்கம் விழுந்த படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார்றா இவ? இவளாலதான் அவ கோச்சுக்கிட்டுப் போனாளா?" என்றாள்.

"அம்மா, இவ செத்து நூத்தம்பது வருஷமாச்சு."

"அப்ப இவளையே ஏன்டா பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? இருக்கிறவளப் போய்ப் பாரு."

உன் கட்சிதான் அவள்.

மைக்ரான்

ஜூன் 19

மைக்ரான்,

'நீங்கள்' போட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எண்பது வயதுக்காரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு 'நீங்கள்' ஒட்டவில்லை.

அத்தையிடம் சொல், அவர் சொன்னது சரி என்று. அவருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடி ஏற விடாதே.

அந்த ஓட்டுநர் இப்போது நாலு சொல் சொல்கிறார். மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தால் பாவமாக இருக்கிறது. எடுத்துக்கொடுப்பது கொழுப்பினால் இல்லை, பயத்தினால் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த இடைவெளியில் என்ன இருக்கிறதோ என்ற பயம். உனக்கும் அப்படியா? இதுவரை நான் உன்னைக் கேட்டதில்லை.

ஒரு செய்தி. நான் ஆகஸ்ட் பாதிவரைக்கும்தானே வந்தேன். இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். ஆகஸ்ட் பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இதே வேலை அங்கேயும் கிடைக்கும். கேள்வி வேலையைப் பற்றியது இல்லை. திரும்பி வந்தால் யாரிடம் வருகிறேன் என்பதுதான்.

இதற்கு நீ உடனே பதில் எழுதாதே. எழுதினால் முடித்துவைத்துவிடுவாய். படம் காயட்டும்.

கமா

ஜூலை 6

கமா,

உடனே எழுதவில்லை. எழுதிக் கிழித்தேன், அது கணக்கில் வராது.

பயமா என்று கேட்டாய். ஆமாம். நீ பேச ஆரம்பித்து நடுவில் நிறுத்தினால், அடுத்து என்னைப் பற்றிய குறைதான் வரப்போகிறது என்று எனக்குத் தோன்றும். அதற்குள் நானே எதையாவது போட்டு மூடிவிடுவேன். இதை எழுதவே ஒரு வாரம் ஆனது. போதும்.

இப்போது நல்ல செய்தி. வெர்னியரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மியூசியத்துக்குப் போய் அசல் படத்தின் முன்னால் உட்காருகிறேன். காவலாளி முதலில் சந்தேகமாகப் பார்த்தார், இப்போது நாற்காலியை நகர்த்திப் போடுகிறார். அவளுடைய கன்னத்தின் நிழலில் பச்சை இருக்கிறது. நிஜமாகவே பச்சை. மனிதத் தோலில் பச்சை இருப்பது இத்தனை வயதில் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

போன வகுப்பில் புருவம் வரைந்துகொண்டிருந்தேன். மூன்றாவது தடவை. ஒன்றும் யோசிக்கவில்லை, கை அதுபாட்டுக்குப் போனது. முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், புருவத்தின் நடுவில் முடியில்லாத ஒரு மெல்லிய கோடு. பின்னால் வந்து நின்ற அந்தப் பெண், "ஒரிஜினல்ல இந்தக் கோடு எங்க சார் இருக்கு?" என்றாள். ஓடிப்போய் அச்சுப் பிரதியைப் பார்த்தேன். இல்லை. அங்கே முழுப் புருவம்.

அது உன் தழும்பு. சின்ன வயதில் அலமாரிக் கதவு பட்டு வெட்டியது என்பாயே, அது. நான் நினைத்து வரையவில்லை. தானாக வந்தது. நான் உன்னைப் பார்த்ததே இல்லை என்றாய். பார்க்காதவன் கையில் இது எப்படி வரும்?

போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பார்.

மைக்ரான்

ஜூலை 15

போட்டோ வந்தது. படம் நன்றாக இருக்கிறது. பச்சை நிழல் தெரிகிறது.

என் தழும்பு வலது புருவத்தில் இருக்கிறது. நீங்கள் அவளுடைய இடது புருவத்தில் போட்டிருக்கிறீர்கள்.

இரண்டு தடவை எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தேன், நான்தான் தப்போ என்று. அந்த அளவுக்கு உங்களை நம்ப ஆசைப்பட்டிருக்கிறேன். மூன்று வருடம். எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. அரை மில்லிமீட்டர் பிசகினால் கருவியைத் திருப்பி அனுப்புகிற ஆள்.

கோபம் இல்லை. களைப்பாக இருக்கிறது. இங்கே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. பத்தாம் தேதி சொல்லிவிடுவேன்.

நீங்கள் அந்தப் புருவத்தைச் சரிசெய்துவிடுங்கள். அவள் முகத்திலாவது தழும்பு இல்லாமல் இருக்கட்டும்.

ஜூலை 23

கமா,

வாக்குவாதம் செய்ய எழுதவில்லை. தழும்பு வலது புருவத்தில்தான். கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நான் போட்டது தப்பு.

உன் கடிதத்தைப் படித்த அன்று சுரண்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அந்தப் பெண் தடுத்தாள். "சுரண்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ கண்ணாடியில பாருங்க சார்" என்று கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தாள். ஓவியர்கள் எல்லோரும் செய்வதாம். பார்த்துப் பார்த்துப் பழகிய படத்தில் கோணல் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியில் இடம் வலம் மாறினால் புதுப்படம்போல் ஆகிவிடும், தப்பு பளிச்சென்று தெரியும். படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைத் தோளுக்கு மேல் பிடித்துப் பார்த்தேன்.

தப்பு எதுவும் தெரியவில்லை. நீ தெரிந்தாய். தழும்பு சரியான பக்கம் வந்திருந்தது. ஆனால் அது என்னைத் தூக்கிப்போடவில்லை. நான் நின்ற நிலைதான் தூக்கிப்போட்டது. என் முகம் முன்னால், நீ பின்னால், நடுவில் தோளுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி. இப்படி நின்று, இல்லை, உட்கார்ந்து, நான் உன்னை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

வண்டியில். ஒவ்வொரு சிக்னலிலும் நீ ஹெல்மெட் முகப்பைத் தூக்கி மூச்சு விடுவாய். வலது பக்கக் கண்ணாடியில் எனக்கு ரோடு தெரியும். இடது பக்கக் கண்ணாடியில் நீ தெரிவாய். சிவப்பு விளக்கு அணையும்வரை எனக்கு வேறு வேலை கிடையாது, பேசவும் முடியாது, உன் வாக்கியத்தை முடிக்கவும் முடியாது. அப்போதுதான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் உன் வலது புருவம் வலது பக்கமே இருக்கும், நேரில் பார்க்கிறவனுக்கு மாறியிருக்கும். நேரில் பார்த்த உன் முகம் என் கையில் இல்லை, அது உண்மை. நீ சொன்னது சரி. ஆனால் கண்ணாடியில் பார்த்த முகம் இருக்கிறது. நான் வரைந்தது அதைத்தான்.

வீட்டுக்கு வந்து வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கண்ணாடியில் உன் இடம் தெரியவில்லை. ரோடுதான் தெரிந்தது. பசை போட்டு இறுக்கியபோது முறைப்படி ரோட்டுக்குத்தான் வைத்திருக்கிறேன். அப்படியென்றால், பின்னால் இருக்கும் முகம் அதில் தெரிய வேண்டுமானால் கண்ணாடி முறை தவறித் திரும்பியிருக்க வேண்டும். தினமும் ஆபீஸில் இறங்கியதும் நான் நேராக்குவேன். தினமும் காலையில் நான் கதவைப் பூட்டிவிட்டு வருவதற்குள் மறுபடி திரும்பியிருக்கும். நீ வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாய். நான் கீழ்வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு அவரோடு சண்டைக்குப் போனேன்.

இன்னொன்றும் உண்டு, அது பள்ளிக்கூடப் பாடம். ஒரு கண்ணாடியில் எனக்கு உன் கண் தெரிகிறதென்றால் உனக்கு என் கண் தெரிகிறது. ஒருவழிப்பாதை கிடையாது.

இதற்கு மேல் என்னவென்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். நாக்கு நுனியில் நிற்கிறது. எழுதமாட்டேன். நீ அன்று தொடங்கிய வாக்கியத்தை இங்கே வைக்கிறேன், நீயே முடி. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். பத்தாம் தேதி அதற்கு முன்னால் வந்துபோனாலும் போகட்டும்.

"அந்தக் கண்ணாடி,

மைக்ரான்

ஆகஸ்ட் 2

மைக்ரான்,

உன் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கமா போட்டு நிறுத்தியிருக்கிறாய். மேற்கோள் குறியைக்கூட மூடவில்லை. மூன்று வருடத்தில் நீ மூடாமல் விட்ட முதல் விஷயம் அது. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். வெளியே போர்வைகள் ஆடிக்கொண்டிருந்தன.

முடிக்கிறேன்.

அந்தக் கண்ணாடி, அதை நேராக்காதே, அதில்தான் உன் கண் என்மேல் நிற்கிறது, என்று சொல்ல வந்தேன்.

அவ்வளவுதான். நீ பூட்டிக்கொண்டிருக்கும்போது நான்தான் தினமும் திருப்பி வைப்பேன். வீட்டில் நீ போனைப் பார்ப்பாய், கடிகாரத்தைப் பார்ப்பாய், என் தட்டில் என்ன மிச்சம் என்று பார்ப்பாய். சிக்னலில் மட்டும் என்னைப் பார்ப்பாய். நீ அறியாமல் பார்க்கிறாய் என்று நினைத்தேன். அறிந்தால் நிறுத்திவிடுவாயோ என்று சொல்லவும் இல்லை. நீ பசை போட்ட அன்று எனக்கிருந்த ஒரு ஜன்னலையும் அடைத்துவிட்டதுபோல் இருந்தது. அடைத்தது பெரிதில்லை, அங்கே ஜன்னல் இருந்ததே உனக்குத் தெரியவில்லையே என்றுதான். தெரிந்திருக்கிறது. உன் கைக்குத் தெரிந்திருக்கிறது.

நானும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நாள் முழுக்க மற்றவர்களைப் பேசவைக்கிற வேலை. வீட்டில் ஒரு கண்ணாடியைத் திருப்பித் திருப்பி ஜாடை காட்டியிருக்கிறேன்.

இங்கே நேற்றே சொல்லிவிட்டேன், இருக்கமாட்டேன் என்று. ஓட்டுநரிடமும் சொன்னேன். அவர் யோசித்து, யோசித்து, "போ... யி... ட்டு வா" என்றார். மனைவி எடுத்துக்கொடுக்கவில்லை.

பதினெட்டாம் தேதி காலை ரயில். ஸ்டேஷனுக்கு வண்டியில் வாடா. டாக்சி பிடிக்காதே, பெட்டி சின்னதுதான். புருவத்தைச் சுரண்டாதே. கீழ்வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேள்.

கமா

ஆகஸ்ட் 9

கமா,

கீழ்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. எதற்கென்று கேட்டார். விளக்கினேன். "அதுக்கு என்னை ஏன் சார் திட்டுனீங்க?" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டேன்.

படம் இன்னும் காயவில்லை. அவசரமில்லை.

கண்ணாடி நட்டு அசையவே இல்லை. நான் போட்ட பசை அப்படி. ஸ்பேனர்தான் வழுக்கியது. அது இளகச் சூடு காட்ட வேண்டும். அந்த ஹாட் ஏர் கன்னுக்கு ஒருவழியாக உருப்படியான வேலை கிடைத்தது. இப்போது விரலால் தொட்டாலே திரும்புகிறது.

கோணம் நான் வைக்கவில்லை. நீ வந்து வை.

மைக்ரான்